எடைப் பலகையில் என் நான்கு வரிகள்

எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் ஆளுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அவர் எதையாவது பார்க்காமல் விட்டிருப்பார் என்று யாருக்கும் சந்தேகம் வராது. அவருக்கே வராது. நான் அந்த ரகம். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பேன். (அப்படி இழுத்து இழுத்தே ஒரு பூட்டு கெட்டது என்பது என் மனைவி கலாவின் குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் கிடையாது.) கல்லூரி நாளிலிருந்து தவறாமல் டைரி எழுதுகிறேன். சமையலில் உப்பு கூடினால் அதுவும் டைரியில் ஏறும்.

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. பழைய இயந்திரங்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி ஒன்றைத் தயாரிக்கிறோம். டிபன் டப்பா அளவுதான். அதற்குள் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடும். அதில் வெளியிலிருந்து வரும் செய்திகளை வாங்கி, உரிய இடத்தில் சேர்க்கும் பகுதியை எழுதியவன் நான். எத்தனை முறை சரிபார்த்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெட்டியில் ஒன்றை கும்மிடிப்பூண்டிக்கு எடுத்துப் போனேன். அங்கே பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் கலாவின் அண்ணன் தனசேகர் பராமரிப்புப் பிரிவில் சூப்பர்வைசர். அந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அப்போது காலியாக இருந்தது. போட்டிக்கு இன்னொருவரும் இருந்தார். ஆலை வாசலில் லாரிகளை நிறுத்தும் எடை மேடை அடிக்கடி மக்கர் செய்யும். மேடைக்கும் எடையைக் காட்டும் பெரிய பலகைக்கும் நடுவில் இருந்த கருவியை ஷிஃப்டுக்கு இரண்டு தடவையாவது அணைத்துப் போட வேண்டியிருந்தது. மச்சான் நேராக ஆலை மேனேஜரிடம் போய், "எங்க மாப்ள கம்பெனி பொட்டி ஒண்ணு கீது சார். ஒரு தபா போட்டா போதும். ஆஃப் பண்ற பேச்சே இல்ல" என்று சொல்லிவிட்டார். போட்டியாளரோ, "சொந்தக்காரன் சரக்க உள்ள தள்றாரு" என்று ஆலை முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தார். ஆக, பெட்டி ஓடினால் பதவி மச்சானுக்கு. நின்றால் பதவியும் போகும், பெயரும் போகும்.

இது தெரிந்தபிறகு நான் எப்படித் தூங்குவேன்? முந்தின நாளே போய் மச்சான் வீட்டில் தங்கினேன். பழவேற்காட்டு இறாலில் தொக்கு வைத்திருந்தார்கள். உப்பு கூடுதல். இரண்டாவது கரண்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை என்றால் சில கடமைகள் இருக்கின்றன. பிறகு மச்சானோடு ஒரே அறையில் படுக்கை. அவர் குறட்டையைப் பற்றிப் பின்னால் வரும்.

காலையில் நாஷ்டா முடியும்வரை அறிவுரை ஓடியது.

"மாப்ள, நீ வாயத் தொறக்காத. மேனேஜர் இன்னா கேட்டாலும் நான் பேசிக்கறேன். நீ பொட்டி பக்கத்துல நின்னுக்கினு தலைய மட்டும் ஆட்டு, போதும்."

"மச்சான், அவர் டெக்னிக்கலா ஏதாவது கேட்டா?"

"அதுக்கும் நானே பதில் சொல்றேன். பாக்கெட் வருது, பாக்கெட் போவுது. அவ்ளோதான மேட்டரு?"

பதினோரு ஆண்டு உழைப்பை ஒருவர் இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி இப்படி முடித்து வைத்தால் வலிக்காதா? எனக்கு வலித்தது. அந்த வலியோடுதான் ஆலைக்குள் போனேன். வாசலிலேயே மேனேஜர் எதிர்ப்பட்டார். கண்டிப்பான மனிதர். மீசைக்குத் தீட்டிய கருப்பு மை கொஞ்சம் தாராளமாகி, கன்னத்தைத் தாண்டிப் போயிருந்தது.

எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேபின். பெட்டியை அங்கே பொருத்தினேன். பலகையும் புதிது; அதை இன்னும் மேலே ஏற்றியிருக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். எடை மெஷினின் ஒயரை இப்போது கழற்ற முடியாது, லாரிகள் வரிசையில் நிற்கின்றன, மேனேஜர் வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அதனால் என் லேப்டாப்பிலிருந்து எழுத்துகளை அனுப்பிப் பலகையை மட்டும் சோதித்தேன்.

இங்கே என் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரி சோதனைக்கு உலகம் முழுக்க எல்லாரும் 'டெஸ்ட் டெஸ்ட்' என்றுதான் அடிப்பார்கள். எனக்கு அது ஆகாது. சோதனை என்றால் நிஜ வாக்கியம் வேண்டும். கொம்பும் சுழியும் ஒற்றும் கலந்து வர வேண்டும். நிஜ வாக்கியத்துக்கு நான் எங்கே போவேன்? காலை நேரம், தனிமை, மனதில் எரிச்சல். டைரிக்கு வைத்திருந்ததையெல்லாம் அடித்து அனுப்பினேன். நான்கு வரி. நான்கும் சிவப்பு எழுத்தில் பிசிறில்லாமல் ஓடின. திருப்தியோடு லேப்டாப்பை மூடி மச்சானின் காரில் வைத்தேன். பலகையை மேலே ஏற்றினார்கள்.

மேனேஜர் வந்தார். எடை மெஷின் ஒயரைப் பெட்டியில் செருகினார்கள். முதல் லாரி மேடையில் ஏறியது. கேபினில் இருந்தவர் பொத்தானை அழுத்தினார். பலகையில் லாரி நம்பர் ஓடியது, எடை ஓடியது. மச்சான் மார்பை நிமிர்த்தினார். எடைக்குப் பின்னாலேயே இரண்டு சொற்கள் ஓடின.

'உப்பு அதிகம்.'

மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"தனசேகர், என்ன இது? உப்பா?"

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். அரை விநாடிகூட இருக்காது. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஆமா சார். இந்த லோடு கடலோரத்துலருந்து வர்ற ஸ்க்ராப்பு. உப்புக் காத்துல துரு ஏறிக்கினு கீது. அதையும் சேத்துக் காட்டுது சார், புது பொட்டி."

"எடை மேடை உப்பைக் கண்டுபிடிக்குமா?"

"காலம் அப்படிப் போய்க்கினு இருக்குது சார்."

மேனேஜர் தலையை ஆட்டினார். (நானும் ஆட்டினேன். எனக்கு இட்ட வேலை அதுதானே.) பிறகு மெதுவாக நழுவி, கேபினுக்குப் பின்னால் போய், காக்களூர் ஆபீசிலிருந்த ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். ஸ்டெல்லா எங்கள் பெட்டிகளைச் சோதிக்கும் பொறியாளர். பெட்டிக்கு என்ன வருகிறது, என்ன போகிறது என்பதை அங்கிருந்தே அவளால் பார்க்க முடியும்.

"சார், அந்த எடை மெஷின் தன்னோட செய்தி நூத்தியம்பது பைட் நீளம்னு சொல்லிக்கினு வருது."

"சரி."

"ஆனா நெசமா வந்தது அதுல பாதிதான் சார்."

"சரி..."

"இன்னா சார் சரி? மீதிப் பாதிய உங்க புரோகிராம் எங்கருந்து எடுக்குது?"

பதில் எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நினைவகத்தில் செய்திகள் தங்கிப் போக நான்கு அறைகள். ஒரு செய்தி கிளம்பிப் போனதும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்த அறையைப் பெருக்குவதில்லை. 'காலி' என்று ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த விருந்தாளியை அனுப்பிவிடும். முன்பு தங்கியவரின் துண்டும் சீப்பும் கட்டிலுக்கடியில் கிடக்கும். அதனால் தொல்லை இல்லை, வந்தவர் தன் சாமானை மட்டும் எடுத்துப் போகும்வரை. இப்போது ஒருவர் ஒரே ஒரு பையோடு வந்து, 'என் சாமான் மொத்தம் இரண்டு' என்று ரிசப்ஷனில் பொய் சொல்கிறார். நல்ல ரூம்பாயாக இருந்தால் எண்ணிப் பார்ப்பான். மக்கு ரூம்பாய் இரண்டு எண்ணிக்கை வரும்வரை கட்டிலுக்கடியில் கிடப்பதையும் சேர்த்துத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவருவான். அந்த மக்கு ரூம்பாயை எழுதி, பயிற்சி கொடுத்து, எத்தனையோ தடவை சரிபார்த்தவன் நான்.

ஆபீசில் இது ஏன் தெரியவில்லை? அங்கே எடை மெஷின் கிடையாது. அதற்குப் பதிலாக, எடை அனுப்புகிற மாதிரி நடிக்கும் ஒரு புரோகிராமை நானே எழுதி வைத்திருந்தேன். அனுப்புகிறவனும் நான், வாங்குகிறவனும் நான். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒரே ஆளாக இருந்தால் சண்டை எங்கிருந்து வரும்? என் பொய் மெஷின் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இந்த நிஜ மெஷினோ, எடை என்னவாக இருந்தாலும் 'நூற்றைம்பது' என்று ஒப்பிக்கும்படி எந்தக் காலத்திலோ செய்யப்பட்டது.

"இப்ப இன்னா சார் பண்றது? ஆஃப் பண்ணிப் போடுங்க. மெமரி கிளீன் ஆயிடும்."

"அணைக்கக் கூடாதும்மா. அணைக்கவே வேண்டாம்னுதான் மச்சான் வாக்குக் கொடுத்திருக்கார்."

"அப்ப வேற நாலு வரி அனுப்பி பழச அழிங்க. எனக்கு இங்கருந்து பாக்கத்தான் முடியும். அனுப்பணும்னா உங்க லேப்டாப்தான். ஆமா, காலைல இன்னா சார் அனுப்பினீங்க?"

"டெஸ்ட் டெஸ்ட்னு" என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

அதற்குள் இரண்டாவது லாரி ஏறிவிட்டது. அறைகள் வரிசைப்படிதான் நிரம்பும். ஆகவே அடுத்து எந்த வரி வரும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். இதைவிடப் பெரிய தண்டனை ஒன்றை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது வரி: 'மேனேஜர் மீசைக்குத் தீட்டிய மை காதுவரை வந்துவிட்டது.' முன்பாதியை லாரி நம்பரும் எடையும் மூடிவிட, பின்பாதி மட்டும் மேனேஜரின் தலைக்கு மேலே நிதானமாக ஓடியது.

'காதுவரை வந்துவிட்டது.'

"லோடு சார்" என்றார் மச்சான், யாரும் கேட்பதற்கு முன்பே. "வண்டி காது வரிக்கும் ஏத்திக்கினு வந்துட்டான். ஓவர்லோடு. பாருங்க, இன்னா அழகா கண்டுபிடிக்குது!"

மேனேஜர் லாரியைப் பார்த்தார். பாதிகூட நிரம்பாத லாரி.

"மச்சான்" என்று அவர் முழங்கையைப் பிடித்தேன். "கார் சாவி குடுங்க."

"இப்ப இன்னாத்துக்கு?"

"லேப்டாப் வேணும். அவசரம்."

"நீ இங்க கம்முனு நில்லு மாப்ள." பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் பேசினார். "நான் சமாளிச்சிக்கினு இருக்கேன்ல? உன்னால எனக்கு ஒரே பேஜாரு. இன்னும் எத்தினி கீது?"

"ரெண்டு."

"என்னாது, ரெண்டா?"

மூன்றாவது லாரி ஏறியது. மூன்றாவது வரி, மச்சானின் குறட்டையால் ஒரு மலை சரிவதாக நான் வர்ணித்திருந்த வரி. நல்லவேளையாகக் குறட்டை முன்பாதியில் இருந்தது.

'கடவுளே காப்பாற்று' என்றது பலகை.

அந்த லாரியின் டிரைவர் ரமணய்யா சூளூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரர். ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார். "ஏம் நைனா, எனக்கு இன்னா வந்துது? தமிழ் பேசறது வரும். எழுத்து ராது. கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

"கடவுளே காப்பாத்துன்னு போட்டுக் கீது" என்றார் மச்சான். "டிரைவர் சேஃப்டி. ரோட்டுல பாத்துப் போ."

ரமணய்யா கையெடுத்துப் பலகையைக் கும்பிட்டார். மேனேஜருக்கு இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது போலிருந்தது. நான் மச்சானின் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான்காவது வரி வந்தால் எல்லாம் முடிந்தது. இட்லி தின்றபடி அவர் என் வேலையை முடித்து வைத்த கோபத்தில் எழுதிய வரி அது: 'தனசேகர் மச்சானுக்கு வாய் இருக்கிறது, வேலை தெரியாது.'

அடுத்த லாரி வாசலில்தான் திரும்பிக்கொண்டிருந்தது. நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். காரைத் திறந்தேன், லேப்டாப்பைத் திறந்தேன், அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். பாதி தூரத்தில் மேனேஜரின் குரல் கேட்டது.

"காலி மேடைக்கு ஜீரோ காட்டுதான்னு பார்த்துடலாம். தனசேகர், நீங்களே அழுத்துங்க."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஜீரோ என்றால் ஒரே ஒரு எழுத்து. லாரி நம்பர் இல்லை, எடை இல்லை. உண்மை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு மீதி வெளியே வரும். மச்சான் கம்பீரமாகப் பொத்தானை அழுத்தினார்.

பலகையில் ஒரு பூஜ்யம் ஓடியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு என் வரி, தலை எழுத்து ஒன்று மட்டும் போக, முழுசாக ஓடியது. சிவப்பு எழுத்து. வெயிலிலும் பளிச்சென்று தெரியும் உயர்ரகப் பலகை.

"இப்ப இன்னா வந்துது நைனா?" ரமணய்யா லாரியை ஓரம் கட்டிவிட்டு ஆவலோடு நின்றிருந்தார்.

மச்சான் வழக்கம்போல உரத்த குரலில் படிக்கத் தொடங்கினார். "...னசேகர் மச்சானுக்கு வாய் இருக்கிறது, வேலை..."

அங்கே நின்றார். மீதியை மேனேஜர் மெல்லிய குரலில் படித்து முடித்தார். "தெரியாது."

போட்டியாளர் அங்கேதான் எங்கோ நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. மச்சான் என்னைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு கேபினுக்குள் போய், பெட்டிக்குப் போகும் கரன்ட் ஒயரைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினார். பலகை இருண்டது.

"தனசேகர், ஆஃப் பண்ணவே வேணாம்னு சொன்னது நீங்கதானே?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார் சொன்னேன். நான்தான் இப்ப கழட்டறேன்." ஒயர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "இது என் தங்கச்சி புருஷன் செஞ்ச பொட்டி. காலைல அவன் சோதனைக்கு அடிச்சத இப்ப வெளிய கக்குது. இன்னைக்கி என் மானம் போச்சு, போய்ட்டுப் போவுது. நாளைக்கு இதே பொட்டி வழியா நம்ம ஸ்க்ராப் ரேட்டு போவும். ஒரு வண்டிக்காரனோட ரேட்ட இன்னொரு வண்டிக்காரனுக்குப் பலகைல காட்டுச்சின்னா? சொந்தக்காரன் சரக்குன்னு இத நான் உள்ள உடமாட்டேன் சார். சரி பண்ணிக்கினு வரட்டும். அப்புறம் பாக்கலாம்."

மேனேஜர் கையை நீட்டி, மச்சானின் கையைக் குலுக்கினார்.

மச்சான் ஒயரைப் பிடுங்கியது பொறுப்பிலா, கோபத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிடுங்கிய வேகத்தில் சுவரிலிருந்த பிளக் பாயின்டும் பெயர்ந்து கையோடு வந்ததை வைத்துப் பார்த்தால் கோபம்தான். ஆனால் ஒயர் கையில் வந்த பிறகு அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தாலும் என்னால் எழுத முடியாது. அடுத்த மாதமே தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. உறவென்றும் பார்க்காமல் கழற்றி எறிந்தவர் என்பதுதான் காரணம் என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். போட்டியாளருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

நானும் பெட்டியும் பஸ்ஸில் திருவள்ளூர் வந்து சேர்ந்தோம். செய்தி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. கலா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க அண்ணனுக்கா வேலை தெரியாது?"

"அது சும்மா சோதனைக்கு..."

"உப்பு ஜாஸ்தின்னு எங்க அண்ணி கிட்ட சொல்றதுக்கு வாய் இல்ல. லாரிக்காரன் கிட்ட சொல்லத் தெரியுது."

மறுநாள் ஆபீசில் அந்த இடத்தைத் திருத்தினேன். இரண்டே வரிதான். செய்தி தன் நீளம் என்று என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். உண்மையில் எவ்வளவு வந்திருக்கிறது என்று நீயே எண்ணு. சொன்னது வந்ததைவிட அதிகமென்றால் அந்தச் செய்தியைத் தூக்கிப் போடு. ஒரு எழுத்துகூட அதற்கு அப்பால் படிக்காதே. அவ்வளவுதான். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுக்கிற நான் இதை எழுதாமல் விட்டிருந்தேன். ஸ்டெல்லா அதற்குப் பிறகு பொய் மட்டுமே சொல்லும் ஒரு புரோகிராமை எழுதி, என் பெட்டிகளின்மேல் நாள் முழுக்க ஏவிவிட்டாள். அதில் இன்னும் மூன்று இடங்கள் அகப்பட்டன. அவற்றைப் பற்றி நான் எங்கும் எழுதப்போவதில்லை.

எடை மெஷினின் பொய்யையும் மெஷின்காரர்களைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னோம். பெட்டி மறுபடி கும்மிடிப்பூண்டி போனது. புதுத் தலைமைப் பொறுப்பாளர் தனசேகர் அதைக் காலையிலிருந்து மாலைவரை சோதித்து, ஒரு புன்னகைகூட இல்லாமல் கையெழுத்துப் போட்டார். சோதனை வரிகளை அவரே சொல்ல, நான் அடித்தேன். எல்லாமே அவருடைய தங்கையின் கணவனைப் பற்றியவை.

போன தை மாதம் மச்சானின் மகளுக்கு திருவள்ளூரில் நிச்சயதார்த்தம். பெண் வீட்டின் சார்பில் நன்றி சொல்லும்படி என்னை மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். நான் தொண்டையைச் செருமியதும், சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்த மச்சான் எழுந்து, கூட்டத்தைத் தாண்டி, மைக்கின் ஒயர் போகும் சுவரோரம் போய் நின்றுகொண்டார். எங்கள் பக்கத்து வரிசைகளில் சிரிப்பு கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ அவர்களிடம் குனிந்து விளக்க ஆரம்பித்ததும், அந்தப் பக்கமும் சிரிப்பு பரவியது.

நன்றியுரைக்கு நான் நான்கு வரி தயாரித்து வைத்திருந்தேன். மூன்றோடு முடித்துக்கொண்டேன். நான்காவதும் நல்ல வரிதான், மச்சானைப் புகழ்கிற வரி. ஆனால் அவர் கை ஒயர்மேல் இருந்தது.